பெரியம்மா போன பிறகு செய்ய வேண்டியவை

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பெண்ணின் நாற்காலியிலும் ஒரு மெத்தை உண்டு. நீல மெத்தை என்றால் அவளுக்குக் குளிர்காலம். மாதவிடாய் நடக்கிறது, அருகில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. பச்சை என்றால் வசந்தம்; யோசனைகள் தளிர்க்கும், கூட்டத்துக்குக் கூப்பிடலாம். சிவப்பு என்றால் கோடை. முகம் ஜொலிக்கும், கேமரா முன்னால் உட்கார வைக்கலாம். பழுப்பு என்றால் இலையுதிர்காலம். அவள் கண்ணுக்குக் குற்றம் மட்டும்தான் தெரியும், ஆகவே பார்சல் சரிபார்க்க அனுப்பலாம். ஆண்களுக்கு மெத்தை கிடையாது. அவர்களுக்குப் பருவம் இல்லை, இடுப்பு வலி மட்டும்தான்.

ஹாங்சௌ நகரத்தில், கால்வாயைப் பார்த்த கட்டடத்தின் உச்சி மாடியில், 'நான்கு பருவம்' என்ற பெயரில் நடக்கிறது இந்த வியாபாரம். இஞ்சி போட்ட நாட்டுச் சர்க்கரைக் கட்டி, வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பட்டி, நான்கு நிறப் பைகளில் நான்கு பருவத்துக்கான தேநீர் எல்லாம் விற்கிறோம். நான்கு பைகளுக்குள்ளும் இருப்பது ஒரே சிவப்புப் பேரீச்சைதான். ஆனால் பை மாறினால் உடம்பு மாறும் என்று நம்புகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

எங்கள் முதலாளி துவான் மேடம் இதற்கு முன் மொபைல் உறை விற்றவர். ஏதோ ஒரு தீவில் ஒரு வாரம் மௌன விரதம் இருந்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து மெதுவாகப் பேசினார். எங்களையெல்லாம் தரையில் வட்டமாக உட்கார வைத்து, "நாம கடிகாரத்துக்கு வாழ்ந்தது போதும். இனிமே நம்ம ரத்தத்துக்கு வாழ்வோம்" என்றார். சிலர் அழுதார்கள். பிறகு மேடம் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டதால் சாப்பாட்டு இடைவேளையைப் பாதியாகக் குறைத்தார்.

எல்லோர் கையிலும் ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். தூங்கும்போது அது உடம்புச் சூட்டை அளந்து, காலையில் சுவரில் இருக்கும் பெரிய திரைக்கு அனுப்பும். சூடு ஏறினால் கோடை, இறங்கினால் குளிர். அவ்வளவுதான் அதன் விஞ்ஞானம். இதைப் பார்த்துக்கொள்ள 'பருவ ஆலோசகர்' என்று ஒருவரை நியமித்தார்கள். பாங் டீச்சர். இந்தத் தொழிலில் எல்லோரும் டீச்சர்தான். விளக்குப் பிடிப்பவர் விளக்கு டீச்சர், பொட்டலம் கட்டுபவர் பொட்டல டீச்சர். பாங் டீச்சர் இருபத்தேழு வயது இளைஞர். இதற்கு முன் உடற்பயிற்சிக் கூடத்தில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். பெண்களின் கருப்பையைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவரே சொன்னார்.

என் விஷயத்தில்தான் அவர் தடுமாறினார். எனக்குப் பெரியம்மா வருவது நின்று வருடங்கள் ஆகிவிட்டன.

பெரியம்மா என்றால் அதுதான். எங்கள் பக்கத்தில் மாதவிடாயை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பெரியம்மா வந்திருக்காங்க" என்பார்கள். முடிந்துவிட்டால் "போயிட்டாங்க" என்பார்கள். ஏன் பெரியம்மா, ஏன் சித்தி இல்லை என்று யாருக்கும் தெரியாது. சொல்லாமல் வருவதாலும், வந்தால் படுத்தி எடுப்பதாலும், வராவிட்டால் குடும்பமே கலங்குவதாலும் இருக்கலாம். நிஜத்தில் பெரியம்மா உள்ளவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

"நிங் அக்கா, உங்களுக்கு எந்தக் காலமும் கிடையாது. நீங்க எல்லாக் காலத்துக்கும் மேல" என்று பாங் டீச்சர் எனக்கு ஒரு வெள்ளை மெத்தை கொடுத்தார். அதன் பெயர் நித்திய முழுநிலா.

"மேலன்னா, சம்பளத்துலயும் மேலயா?" என்று கேட்டேன். முழுநிலாவுக்கும் பழைய சம்பளம்தான். வாடிக்கையாளர் புகார்ப் பகுதியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீல மெத்தைக்காரிகளுக்கு மாதம் ஒன்றிரண்டு நாள் 'பனி விடுப்பு' உண்டு. பத்திரிகைகளில் படத்தோடு போட்டார்கள். பெரிய விற்பனை நாள்களை ஒட்டி மட்டும் யாருக்கும் குளிர்காலம் அனுமதி இல்லை என்று பிற்பாடு ஓர் அறிவிப்பு வந்தது. இயற்கை அந்த அறிவிப்பைப் படித்ததாகத் தெரியவில்லை. பழுப்பு மெத்தையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு ரத்தம் சிந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேமரா முன்னால் உட்காருபவர்களில் சிறந்தவள் சுன்யான். லியாவ் சுன்யான், ஜியாங்ஷி மாகாணத்தின் மலைப்பக்கத்து ஊர்க்காரி, எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நேரலையில் அவள் சிரித்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அப்பா அம்மா தெற்கே செருப்புத் தொழிற்சாலைக்குப் போய்விட, அவளையும் தம்பி ஷுய்கென்னையும் வளர்த்தது அம்மாவின் அக்கா. பெரியம்மாவுக்கு பஸ் நிலையத்தில் அரிசி நூடுல்ஸ் கடை. முதல் பஸ்ஸோடு திறப்பாள், கடைசி பஸ்ஸோடு மூடுவாள். அவள் உடம்பு வாழ்நாள் முழுக்க ஒத்துப்போனது பஸ் அட்டவணையோடுதான்.

சுன்யான் பள்ளி விடுதியில் இருந்தபோது முதல்முறையாக அது வந்ததும், மற்றப் பெண்கள் சொல்லிக்கொடுத்தபடி போன் செய்து, "பெரியம்மா வந்துட்டாங்க" என்று அழுதாளாம்.

"நான் எங்கடி வந்தேன்? கடையிலதானே நிக்கிறேன்?" என்றாளாம் பெரியம்மா. விஷயம் புரிந்ததும் அதைவிடக் கோபம். "ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் மாசாமாசம் என்னையா திட்டுறீங்க? அதான் எனக்கு இந்தத் தும்மல் தும்முதா?"

இதைச் சுன்யான் மத்தியானச் சாப்பாட்டின்போது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லிக்கொண்டே, பெரியம்மா போட்டுக் கொடுத்த மிளகாய் ஊறுகாயை என் சோற்றிலும் ஒரு கரண்டி வைப்பாள். போன வருஷம், குடும்பங்கள் கூடும் நடு இலையுதிர் விழாவுக்குக் கிடைத்த பாட்டில் அது. கடைசிப் பங்கைத் தொடாமல் வைத்திருந்தாள்.

மார்ச் மாதத் தொடக்கத்தில், அப்படி ஒரு சாப்பாட்டு நேரத்தில் ஷுய்கென்னின் போன் வந்தது. அவன் லாரி ஓட்டுகிறவன். என்ஜினுக்கு மேல் கேட்கப் பேசிப் பேசி, மெல்லப் பேச அவனுக்கு வராது. எனக்கும் எல்லாம் கேட்டது.

"அக்கா, பெரியம்மா நேத்து கடையில விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில வெச்சுக்க மாட்டேன்னுட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்றாங்க."

வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"பேசுறாங்களாடா?"

"பேச்சு இல்ல. கதவையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. யாராவது உள்ள வந்தா முகத்தைப் பார்க்கிறாங்க, அப்புறம் திரும்பக் கதவைப் பார்க்கிறாங்க. நீ வர்றியா?"

"வர்றேன்டா. இதோ கேட்டுட்டு வர்றேன்."

துவான் மேடத்தின் அறைக்குக் கதவு கிடையாது. வெளிப்படையான நிர்வாகம் என்று கழற்றிவிட்டார்கள். ஆகவே நடந்ததெல்லாம் என் மேசைக்கே வந்தது. மேடம் தரைவிரிப்பில் சம்மணமிட்டு ஏதோ மூலிகைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாங் டீச்சர் பக்கத்தில் நின்று கைப்பட்டை நிலவரங்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஊருக்குப் போகணும். பெரியம்மாவுக்கு ரொம்ப முடியல."

"முடியலன்னு சொல்லாத சுன்யான்" என்றார் மேடம், கண்ணை மூடியபடி. "அது உன்கிட்ட ஏதோ சொல்ல வருது. என்ன சொல்லுதுன்னு காது குடுத்துக் கேளு."

"பேச முடியல மேடம். நேத்துலேந்து வாயே திறக்கல."

"மௌனமும் ஒரு பாஷைதான்."

பாங் டீச்சர் திரையைத் தடவினார். "ஒரு நிமிஷம். போன மாசக் கடைசியிலதானே உங்களுக்குப் பெரியம்மா வந்துட்டுப் போனாங்க? அதுக்குள்ள மறுபடி எப்பிடி வருவாங்க?"

"வரல டீச்சர். இனிமே வரவே முடியாது. நான்தான் போகணும்."

மேடத்தின் கண் திறந்துகொண்டது. "வரவே முடியாதா? சுன்யான், கர்ப்பமா? இந்த விற்பனை நேரத்துலயா?"

நான் எழுந்து போய் வாசலில் நின்றேன். "மேடம், இது அந்தப் பெரியம்மா இல்ல. அம்மாவோட அக்கா. ரெண்டு கை ரெண்டு கால் உள்ள மனுஷி. சாகக் கிடக்காங்க."

"ஓ" என்றார் மேடம். "நிஜப் பெரியம்மாவா?"

தரம் குறைந்த சரக்கை யாரோ நீட்டிவிட்டதுபோல் இருந்தது அந்தக் குரல்.

பாங் டீச்சர் விதிகளைத் திறந்து விரலால் மேலும் கீழும் தள்ளினார். "அப்பா, அம்மா, புருஷன், பிள்ளை. இவங்களுக்குத்தான் சாவு விடுப்பு. பெரியம்மான்னு போட்டா பனி விடுப்புக்குக் கொண்டுபோய் விடுது." இரண்டாம் முறை தட்டிப் பார்த்துவிட்டு, "அதுவும் சாவு விடுப்புன்னா அது நடந்திருக்கணும். இங்க இன்னும்..." என்று இழுத்தார்.

"இன்னும் என்ன?" என்றேன்.

"இன்னும் நடக்கலையே, நிங் அக்கா."

ஆக, இல்லாத பெரியம்மா மாதந்தோறும் வந்தால் விடுப்பு உண்டு. இருக்கிற பெரியம்மா ஒரே ஒரு தடவை சாகப்போனால் கிடையாது.

"சுன்யான், நான் கல்லு இல்ல" என்றார் துவான் மேடம். எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். "ஆனா பாரு, எட்டாம் தேதி தேவியர் திருநாள் லைவ். உன் கோடை சரியா அன்னிக்குத்தான் உச்சத்துக்கு வருது. நான் போட்ட தேதியா இது? இயற்கை போட்டது. அதை எதிர்த்துப் போனா உனக்குத்தான் கெடுதல். லைவ் முடிஞ்ச நிமிஷம் போ. நானே ஸ்டேஷனுக்கு கார் அனுப்புறேன்."

மார்ச் எட்டு உழைக்கும் பெண்கள் தினம். அன்று பெண்களுக்கு அரை நாள் விடுப்பு தருவது வழக்கம். வியாபாரிகள் அதைத் தேவியர் திருநாள் ஆக்கியதிலிருந்து, தேவிகளுக்குப் பொட்டலம் கட்டுவதிலேயே எங்களுக்கு அந்த அரை நாளும் போய்விடுகிறது.

போடி நீயும் உன் லைவும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். வெளியூர்க்காரர்களின் பிள்ளைக்கு இந்த நகரத்துப் பள்ளியில் இடம் வேண்டுமானால், வேலைக் காப்பீடு ஒரு மாதம்கூட அறுந்திருக்கக் கூடாது. சுன்யானின் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அவள் நாற்காலிக்காகக் கீழ் மாடிகளில் எத்தனை சிரித்த முகங்கள் காத்திருந்தன என்பதும் அவளுக்குத் தெரியும். தன்னைப்போலவே மகளையும் யாரோ ஒரு பெரியம்மாவிடம் விட்டு வளர்க்க அவளுக்கு அக்கா தங்கை கிடையாது.

சாப்பாட்டு அறையில் அவளிடம் சொன்னேன். "பனி விடுப்பு எடுத்துக்கோ. பெரியம்மா சீக்கிரமே வந்துட்டாங்கன்னு சொல்லு. விற்பனைக்கு இன்னும் நாள் இருக்கு, இப்பக் கேட்டாக் குடுப்பாங்க."

"பட்டை கோடைன்னு காட்டுதே, அக்கா."

"கழட்டி ஃபிரிட்ஜுல வை."

"அப்புறம் நான் செத்துட்டேன்னு காட்டும்."

"காட்டட்டுமே. அதுக்காவது லீவ் குடுக்கிறாங்களான்னு பார்ப்போம்."

அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு எனக்கு அந்த யோசனை தோன்றியது. என் உடம்பில்தான் எந்தப் பருவமும் இல்லையே. அவள் பட்டையை என் கையில் கட்டிக்கொண்டு படுத்தால், அணைந்துபோன அடுப்புபோல ஜில்லென்று காட்டும், திரையில் அவள் பெயர் நீலமாகும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. என் வயதுப் பெண்களுக்குத் தூக்கத்தில் திடீர் திடீரென்று உடம்பு பற்றி எரியும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். எரியும்போது போர்வையை உதைத்துத் தள்ளத் தெரிகிற எனக்கு, கையில் இருப்பது யாருடைய பட்டை என்பது எப்படி ஞாபகம் வரும்?

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்தால் ஒரே கைதட்டல். திரையில் சுன்யான் என்ற பெயர் ரத்தச் சிவப்பில் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"இதுதான் உச்சக் கோடை!" என்றார் பாங் டீச்சர். "இந்தக் கம்பெனி வரலாற்றுல இப்பிடி ஒரு கோடை வந்ததில்ல. படிக்கும்போதுகூட நான் பார்த்ததில்ல."

படித்தது வார இறுதிப் பயிற்சி ஒன்றில். மேடம் அந்தத் திரையைப் படம் பிடித்து முதலீட்டாளர்களுக்கு அனுப்பினார். சுன்யானுக்கு இரண்டு சிவப்பு மெத்தைகள் போட்டார்கள். இனிமேல் அவள் ஒரு வாளி ரத்தத்தைக் கொண்டுவந்து கொட்டினாலும் யாரும் நம்பப்போவதில்லை.

"மன்னிச்சுக்கோடி" என்றேன்.

"விடுங்க அக்கா. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது சூடா இருக்கோமே" என்றாள். சொல்லிவிட்டு ஒப்பனை அறைக்குப் போனாள்.

எட்டாம் தேதி மத்தியானம். நேரலைக்கு முன்னால் எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள். கூடை அருகில் வருவதற்குள் சுன்யான் தம்பியை அழைத்தாள்.

"எப்பிடிடா இருக்காங்க?"

"அதே மாதிரிதான். மூச்சு கொஞ்சம் இழுக்குது. இன்னும் ஒரு நாள் தாங்கும்ங்கிறாங்க."

"சாயங்காலம் ரயில் ஏறிடுவேன். டிக்கெட் இருக்கு. இதோ பாரு, இப்ப என் லைவ் போட்டுப் போனை அவங்க காதுகிட்ட வை. என் குரலாவது கேட்கட்டும்."

"நீ என்னத்தையோ வித்துக்கிட்டுல்ல இருப்ப?"

"வித்தா என்ன? குரல் என்னோடதுதானே."

கூடை வந்தது. போனைப் போட்டாள்.

மேடை முழுக்க ரோஜா நிறம். நடுவில் சிவப்பு உடையில் சுன்யான், பக்கத்தில் வெள்ளை உடையில் ஞானியைப்போல் துவான் மேடம். கேமராவுக்குப் பின்னால் பாங் டீச்சர், 'சிரி' என்று எழுதிய அட்டையைப் பிடித்தபடி. ஓரத்தில் கமெண்ட் திரைக்கு முன்னால் நான். 'பட்டி வயிற்றைச் சுட்டுவிட்டது', 'தேநீரில் புழு நெளிகிறது' போன்ற குரல்களை உலகம் பார்ப்பதற்குள் அழிப்பது என் வேலை. இலையுதிர்காலத்துக்காரிகள் செய்ய வேண்டியது; முழுநிலாவுக்கு இன்னும் நிதானம் அதிகம் என்று என்னிடம் தந்தார்கள்.

சுன்யான் நன்றாகவே செய்தாள். "தங்கச்சிங்களா, உடம்பு சொல்றதைக் கேளுங்க. படுன்னு சொன்னாப் படுங்க. போன்னு சொன்னாப் போங்க. யாருக்காகவும் அதைத் தள்ளிப் போடாதீங்க." எழுதிக் கொடுத்த வரிகள்தான். மூன்று நாளாக உடம்பும் மனசும் போ போ என்று சொல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அதைச் சொன்னாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. மேடத்துக்கு அந்த நடுக்கம் பிடித்திருந்தது.

கமெண்டுகள் மழையாகக் கொட்டின. 'அக்கா, எனக்குப் பெரியம்மா ரெண்டு வாரம் முன்னாடியே வந்துட்டாங்க.' 'அக்கா, என் பெரியம்மா வந்தா போக மாட்டேங்கிறாங்க, விருந்தாளியா வாடகைக்காரியா?' 'அக்கா, பெரியம்மா வந்திருக்கப்போ ஐஸ் சாப்பிடலாமா?' மேடம் ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையைத் தூக்கிக் காட்டினார்.

அப்போது வந்தது. பெயர்: லாரிக்காரன் ஷுய்கென். வரி: 'அக்கா, பெரியம்மா போயிட்டாங்க.'

என் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போவதற்குள் துவான் மேடம் பார்த்துவிட்டார்.

"ஆகா! பாருங்க, ஒரு லாரிக்காரத் தம்பி! பொண்டாட்டிக்காக நம்ம லைவ் பார்க்கிறார்! 'பெரியம்மா போயிட்டாங்க'ன்னு நமக்கு நல்ல சேதி சொல்றார்! வாழ்த்துகள் தம்பி! குளிர்காலம் முடிஞ்சது, வசந்தம் வந்தாச்சு! எல்லாரும் இந்தத் தம்பிக்கு ஒரு இதயம் போடுங்க!"

இதயங்கள் திரையை மூடின. 'வாழ்த்துகள் அண்ணா!' 'போய்த் தொலைஞ்சாங்களா, நிம்மதி!' 'என்னோடதும் சீக்கிரம் போகணும்னு வேண்டிக்கோங்க.' 'திரும்பி வந்துடப் போறாங்க, கதவைச் சாத்துங்க!' என் பொத்தானால் ஒவ்வொன்றாகத்தான் அழிக்க முடியும்.

சுன்யான் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அதைப் போட்டவள் வெளியே போய்விட்ட வீட்டு விளக்குபோல எரிந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நின்று துவான் மேடத்துக்கு இரண்டு கையாலும் நிறுத்தச் சொல்லிக் காட்டினேன். விற்பனை எகிறுகிறது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு, அவர் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"நம்ம சுன்யானே சொல்லட்டும்" என்றார், அவள் முழங்கையை இடித்து. "பெரியம்மா போனப்புறம் முதல்ல என்ன செய்யணும்?"

பாங் டீச்சர் அட்டையை ஆட்டினார். சிரி.

சுன்யான் கேமராவை நேராகப் பார்த்தாள். அந்தச் சின்னக் கண்ணாடி வட்டத்துக்கு அந்தப் பக்கம், ஜியாங்ஷியில் ஒரு கட்டிலுக்கு அருகே, ஒரு போன் இன்னும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"முதல்ல வெந்நீர் வெக்கணும்" என்றாள். "ரொம்பச் சூடு வேண்டாம். முகத்தைத் துடைக்கணும். காதுக்குப் பின்னாடியும். அப்புறம் கை, கால். மெதுவாத் துடைக்கணும், வலிக்கிற மாதிரியே நினைச்சுக்கிட்டு."

"அழகு!" என்றார் மேடம்.

"நல்ல துணி போடணும். அலமாரியில அடித் தட்டுல இருக்கும். நீலம். நமக்காக எடுத்து வெச்சு, ஒரு தடவைகூடப் போடாம வெச்சிருப்போமே, அது. ஜன்னலத் திறந்துவிடணும். தலைமாட்டுல விளக்கு வேணும்." அவள் கேமராவுக்கு இன்னும் பக்கமாகக் குனிந்தாள். "கண்ணு திறந்திருந்தா மூடிவிடு. கதவைப் பார்க்க வேண்டியதில்லன்னு சொல்லு. தனியா விட்டுட்டு எங்கயும் போகாதடா. நான் வர்றவரைக்கும் பக்கத்துலயே உட்காரு."

கமெண்டுகள் இன்னும் வேகமாகக் கொட்டின. 'அக்கா, என்னையும் டா போட்டுக் கூப்பிடுங்க!' 'என்னவோ அழுகை வருது, ஏன்னு தெரியல.' 'என் உடம்பை நான் இப்படி ஒரு நாள்கூடக் கவனிச்சதில்ல.' 'அந்த நீலத் துணி எங்க கிடைக்கும்?'

"கேட்டீங்களா?" துவான் மேடத்தின் கண்ணும் நிஜமாகவே கலங்கியிருந்தது. "நம்மளை நாமே தாயாப் பார்த்துக்கிறதுன்னா இதுதான்! வெந்நீர், நல்ல துணி, திறந்த ஜன்னல், ஒரு விளக்கு! இதோ, நம்ம வசந்தப் பெட்டி!"

வசந்தப் பெட்டி இருப்பு தீர்ந்தது. கோடைப் பெட்டியும் தீர்ந்தது. நேரலை அறிவித்த நேரத்தையும் தாண்டி ஓடியது. கூடையிலிருந்து சுன்யானின் போனை எடுத்து அவளிடம் நான் கொடுத்தபோது, தம்பியிடமிருந்து ஒரே ஒரு செய்தி இருந்தது: 'எல்லாம் நீ சொன்னபடி செஞ்சுட்டேன்.'

கார் வந்தது. பின் இருக்கையில் பாதிக்கு வசந்தப் பெட்டிகளை ஏற்றியிருந்தார்கள், வழியில் தபால் கிடங்கில் இறக்குவதற்காக. இறக்கிவிட்டுப் போவதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்து, அதற்கப்புறம் பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள். அவள் அதை மறுபடி திறக்கச் சொல்லவில்லை என்று ஷுய்கென் பிற்பாடு என்னிடம் சொன்னான்.

அவள் இல்லாத நாள்களைப் பாங் டீச்சர் பனி விடுப்பில் எழுதிக்கொண்டார். "கணக்குப்படி குளிர்காலம் வர இன்னும் நாள் இருக்கு, நிங் அக்கா. ஆனா நான் அனுசரிச்சுப் போட்டுட்டேன்" என்றார். தன் மனிதாபிமானத்தை நினைத்து அவருக்கே நெகிழ்ச்சி.

திரும்பி வந்தபோது அவளுடைய அந்தப் பேச்சு நகரமெங்கும் பரவியிருந்தது. 'பெரியம்மா போன பிறகு' என்ற பெயரில் புதிதாக ஒரு பெட்டி போட்டோம்: துடைக்கிற துணி, வாசனை விளக்கு, நீல நிறத்தில் ஒரு அங்கி. எங்கள் கட்டடத்து லிஃப்டில் இருக்கும் திரையில் அந்த விளம்பரம் ஓயாமல் ஓடுகிறது. தினமும் காலையில் சுன்யான் உச்சி மாடிக்கு ஏறும்வரை, முகத்தைத் துடைக்கணும், காதுக்குப் பின்னாடியும் என்று அவள் குரலே அவளிடம் சொல்லிக்கொண்டு வரும். அவள் மாடி எண்கள் ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மார்ச் போய், ஏப்ரல் போய், மே வந்தது. திரையில் அவள் பெயருக்கு எதிரே எந்த நிறமும் வரவில்லை. பட்டையில் சூடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை; சாம்பலாகவே இருந்தது. மெத்தை மாற்ற வந்தவர்கள் எதைப் போடுவது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளை என் பக்கத்து மேசைக்கு, புகார்ப் பகுதிக்கு மாற்றினார்கள். காப்பீடு அறுபடவில்லை. மகள் பள்ளிக்குப் போகிறாள்.

ஒரு நாள் மத்தியானம் பாங் டீச்சர் கையில் கணினியோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"சுன்யான் டீச்சர், கொஞ்சம் விவரம் வேணும். உங்களுக்குக் கடைசியாப் பெரியம்மா எப்ப வந்தாங்க?"

சுன்யான் புகார் ஒன்றுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நடு இலையுதிர் விழாவுக்கு" என்றாள்.

"அவ்வளவு முன்னாடியா?" அவர் திரையைப் பார்த்தார். "இங்க பிப்ரவரியில வந்ததாப் பதிவாகியிருக்கே."

"அது அவங்க இல்ல. விழாவுக்குத்தான் வந்தாங்க. கீழ காவல்காரன் மேல விடல. ரெண்டு லைவுக்கு நடுவுல இறங்கிப் போனேன். பாட்டிலைக் கையில குடுத்து, 'உள்ள போ, தேடப் போறாங்க'ன்னுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயிட்டாங்க."

பாங் டீச்சருக்கு இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தேநீரில் புழு இருந்த ஒரு பெண்ணுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அதுக்கப்புறம் வரவே இல்லையா?" என்றார் கடைசியில்.

"புத்தாண்டுக்கு வரட்டுமான்னு கேட்டாங்க. சீசன் நேரம், வேண்டாம்னு சொன்னேன்."

அவர் ஏதோ தட்டினார். சுவரில் அவள் பெயருக்கு எதிரே இருந்த சாம்பல் நிறம் போய், என்னுடைய முழுநிலா வெள்ளை வந்தது.